கண்ணாடியும் பாடபேதமும்

இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் ஹார்ட் டிஸ்க் பொருத்துவதைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு கவிதையைப் பற்றித்தான். அந்தக் கவிதைக்குப் போகிற வழியில் நாலு ஸ்க்ரூவும் ஒரு கம்பியும் குறுக்கே இருந்தன. அவற்றைத் தாண்டாமல் கவிதையிடம் போக முடியவில்லை. அவ்வளவுதான்.

உங்களில் சிலருக்கு அந்த வீடு தெரியும். புளியந்தோப்பு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பி, ஆட்டுத்தொட்டி எந்தப் பக்கம் என்பதை மூக்கால் நிச்சயித்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக நடந்தால் வருகிற சந்து. கீழே ஒரு அறை, மேலே தகரம் வேய்ந்த ஒரு அறை. பின்னி மில்லில், அதாவது பக்கிங்ஹாம் கர்னாடிக் மில்லில், தறி ஓட்டியவர் அவர். 1996ல் மில் மூடப்பட்ட பிறகு கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதே தன் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர். பெரியவர் என்றே சொல்கிறேன். நாம் அப்படித்தான் கூப்பிட்டோம்.

அவரிடம் இரண்டு டிரங்குப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் சிறுபத்திரிகைகள், 1959 ஜனவரி 'எழுத்து' முதல் இதழிலிருந்து. இன்னொன்றில் மில் சங்கதிகள்: 1918ல் பெரம்பூரில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றியும், 1921 வேலைநிறுத்தத்தைப் பற்றியும், அந்த வருஷம் இதே புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளைப் பற்றியும் கிடைத்த கத்தரிப்புகள், நோட்டீஸ்கள். குடிசை எரிந்ததைச் சர்க்கார் எழுதிவைத்தது, சங்கத்தார் எழுதிவைத்தார்கள், குடிசைக்காரன் எழுதிவைக்கவில்லை என்பார். அவருடைய கவிதைகளுக்கு வேர் இந்த வாக்கியத்தில் இருந்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

2017ல், ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட ஸர்வர் ஒன்றை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸர்வர் என்றால் பெரிய விஷயம் இல்லை. தூங்கக்கூடாத கணிப்பொறி, அவ்வளவுதான். பெட்டிகளில் இருந்ததையெல்லாம் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அதில் ஏற்றினார். 1984ல் ரங்கராஜன் குழு வங்கிகளுக்குக் கணிப்பொறி வேண்டும் என்று அறிக்கை கொடுத்தபோது ஊழியர் சங்கங்கள் கொடி பிடித்த காலத்தைச் சொல்லி என்னைக் கேலி செய்வார். "ஒங்காளுங்க வேணாம்னாங்க. நான் வூட்லயே வச்சிக்கினேன் பாரு."

பெட்டிக்குள் ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். இந்த ஏற்பாட்டுக்குக் கண்ணாடி என்று பெயர். ஒன்று செத்தாலும் மற்றொன்று நடத்திக்கொண்டு போகும். எங்கள் வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று மேனேஜரிடம், ஒன்று காஷியரிடம். நான் வெகுநாள் இந்தக் கண்ணாடியையும் அந்த இரட்டைச் சாவியையும் ஒரே ஜாதி என்று நினைத்திருந்தேன். அது தப்பு. இரட்டைச் சாவியில் ஒருவன் மற்றவனைச் சந்தேகிக்கிறான். கண்ணாடியில் சந்தேகமே கிடையாது.

இனி கவிதை. 2020 ஊரடங்கின்போது அவர் நேராக ஸர்வரிலேயே தட்டச்சுச் செய்த நீளமான கவிதை அது. டிசம்பரில் போனபோது ஒரு காகிதத்தில் எடுத்துக் கையில் கொடுத்தார். படித்துவிட்டு, கடைசி இரண்டு வரிகள் அதிகப்படி என்றேன். கவிதை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, பின்னால் வருவது விளக்கம் என்றேன். அந்த வயதில் எனக்கு விளக்கத்தின் மேல் ஒரு துவேஷம் இருந்தது. (இப்போதும் இருக்கிறது. ஆனால் இப்போது அது என்னுடைய துவேஷம் என்று தெரியும்.) அவர் ஒன்றும் சொல்லாமல் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 2021 ஜனவரியில் போன் செய்தார். "போகிக்குப் பழசக் கழிச்சிட்டேன் தம்பி. அந்த ரெண்டு வரியும் போச்சு. காயிதத்தையும் கொளுத்திட்டேன்." சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன பிரயோஜனம்?

2022ல் அவர் போனார். 2023 டிசம்பர் 4ம் தேதி மிக்ஜாம் புயலின் தண்ணீர் கீழ் அறைக்குள் தொடை மட்டத்துக்கு ஏறியது. டிரங்குப் பெட்டிகள் இரண்டும் மூன்று நாள் அதில் ஊறின. கையெழுத்து நோட்டுகள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டன. பிரித்தால் மை மட்டும் ஒரு நீலக் கறையாக வந்தது. மேலே முக்காலியில் இருந்ததால் ஸர்வர் பிழைத்தது. ஆக, அவர் எழுதியதில் மிச்சம் என்று சொல்லக்கூடியது முழுவதும் இப்போது அந்தப் பெட்டிக்குள்தான். அதிலும் அந்தக் கவிதை இரண்டு வரி குறைந்துதான் இருந்தது.

அந்த இரண்டு வரிகள் என்னைப் படுத்த ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வார்த்தைகள் நினைவில் இல்லை. வேகம் மட்டும் இருந்தது. நாளாக ஆக அந்த வரிகள் என் மனசில் உயர்ந்துகொண்டே போயின. கவிதையே அவைதான், மீதியெல்லாம் பீடிகை என்று தோன்றுகிற அளவுக்குப் போய்விட்டது. காஃப்காவையும் ப்ராடையும் நீங்கள் சொல்லப்போகிறீர்கள். அந்த உதாரணம் தேய்ந்துவிட்டது. தவிர இங்கே பொருந்தவும் இல்லை. ப்ராட் அழிக்கச் சொன்னதை அழிக்காதவர். நான் யாரும் கேட்காமலே அழிக்கச் சொன்னவன்.

சென்ற 2025 ஜூலையில் அவருடைய கவிதைகளைத் தொகுப்பாகப் போடலாம் என்று நாம் பேசியதும் அந்த வீட்டுக்குப் போனேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேலை பார்க்கும் அதே தெருப் பையன் ஒருவனையும் துணைக்கு அழைத்திருந்தேன். மேலே ஏறினதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இது எத்தினி நாளா மஞ்சளா எரியுது?" ஸர்வரின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு. அம்மா சொன்னார்: "அது ரொம்ப நாளா எரியுதே. மஞ்சளாத்தானே எரியுது, செவப்பா எரிஞ்சா சொல்லலாம்னு வுட்டுட்டேன்." நானும் எத்தனையோ தடவை அந்த விளக்கைப் பார்த்திருக்கிறேன். தினம் சாயங்காலம் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடுகிறவன்தான் நான்.

திரையில் பார்த்தால் இரண்டில் ஒரு டிஸ்க் விலகிப்போயிருந்தது. கண்ணாடியில் ஒரு பக்கம் ரசம் போய்விட்டது. இத்தனை வருஷமும் எல்லாம் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது. விலகிய டிஸ்க் கடைசியாக எழுதிய தேதியையும் திரை காட்டியது: 2020 நவம்பர் 25. நிவர் புயல் கரையேறிய ராத்திரி, கரண்ட் போனபோது நடந்திருக்க வேண்டும். வங்கிப் பழக்கத்தில் தேதியை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களில் பலரிடம் இப்படி ஒரு பெட்டி இல்லாவிட்டாலும், ஒரு நாள் யாராவது ஒருவருடைய எழுத்து முழுவதும் உங்கள் கைக்கு வந்து சேரும். அப்போது உபயோகப்படலாம்.

முதலில் எதையும் தொடவில்லை. உயிரோடிருக்கும் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் வெளியே வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தோம். எடுத்தது சரிதானா என்று எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தோம். இது முடியும்வரை பையன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. பிறகு செத்தது எது, இருப்பது எது என்ற கேள்வி. மேலே இருப்பது முதல், கீழே இருப்பது இரண்டாவது என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. சில இயந்திரங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஒட்டியிருக்கும் சீட்டில் தொடர் எண் உண்டு. திரையில் தெரிந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பார்த்தோம். நல்லதைப் பிடுங்கிவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்ளும் விபத்து இந்த இடத்தில்தான் நடக்கிறது. (விமர்சனத்திலும் நடக்கிறது.)

ஸர்வரை முறைப்படி நிறுத்தி, கம்பியைப் பிளக்கிலிருந்தே பிடுங்கி, அதற்குப் பிறகும் ஒருமுறை பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தான் பையன். உள்ளே தங்கிய மின்சாரம் வடிவதற்காக. மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அதன் கம்பியைப் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வவிட்டான். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் சுமார் 3000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது பாய்வது நமக்கு உறைப்பதில்லை. ஆனால் 100 வோல்ட்டுக்குக் குறைவாகவே கூட உள்ளே இருக்கும் நுண்ணிய சில்லுகள் சேதமாகலாம். கை உணராத ஒன்றால் கை செய்கிற சேதம் இது. வறண்ட ஏசி அறைகளில்தான் இந்தப் பயம் அதிகம். புளியந்தோப்பின் புழுக்கத்தில் நிலைமின்சாரத்துக்குப் பஞ்சம், உப்புக்குத்தான் பஞ்சமில்லை. துறைமுகத்துக் காற்று பெட்டியின் விளிம்புகளில் பச்சையும் பழுப்புமாகப் பூத்திருந்தது. பட்டை எதற்கப்பா இங்கே என்றேன். "கட்டாம வுட்டா ஒண்ணும் ஆவாது சார். ஆனா ஆச்சுன்னா கட்டாததாலதான்னு தோணும்ல?" என்றான். இதற்கு எதிர்வாதம் எனக்குக் கிடைக்கவில்லை.

புது டிஸ்க்கை அதன் வெள்ளிநிறப் பையிலிருந்து கடைசி நிமிஷத்தில்தான் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் பிடிக்க வேண்டும். அடியில் இருக்கும் சர்க்யூட் பலகையில் விரல் படக்கூடாது; மேல்மூடியை அழுத்தக்கூடாது; காற்றுத் துளை இருந்தால் மறைக்கக்கூடாது. உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 7200 தடவை சுழலும். அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். மயிரிழை என்கிறோமே, அது சுமார் 80,000 நானோமீட்டர். மயிரிழையில் தப்பினான் என்பது இந்த உலகத்தில் கோட்டைச்சுவர் அகலத்தில் தப்பினான் என்று அர்த்தம். 1956ல் ஐ.பி.எம். செய்த முதல் டிஸ்க் இயந்திரத்தில் இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிதாக இருக்கிற ஒன்றில் பெரியவரின் முழு வாழ்க்கையும் மூலையில் கிடக்கிறது.

டிஸ்க் நழுவி உட்காரும் தட்டில் நாலு ஸ்க்ரூவையும் போட்டான். இரண்டு போதாதா என்றால் போதாது. அதிர்வு டிஸ்க்குக்கு விஷம். ஒன்றைப் போட்டதும் அதற்குக் குறுக்கே எதிர்மூலை. விரல் பலத்துக்கு மேல் முறுக்கவில்லை. பழைய ஸ்க்ரூவையே போட்டான். நீளமானது கிடைத்தால் உள்ளே போய்ப் பலகையைக் குத்திவிடும். கம்பியின் முனை மடங்கிய வடிவில் இருக்கும். ஒரு பக்கமாக மட்டும்தான் போகும். போகவில்லை என்றால் திருப்பிப் பார்க்க வேண்டும், அழுத்தக்கூடாது. கம்பி எதுவும் விசிறியில் படாமல் ஒதுக்கி, மூடியை மூடினான். திறந்து வைத்தால் காற்று வருமே என்று நமக்குத் தோன்றும். மூடினால்தான் காற்று போகவேண்டிய வழியில் போகும்.

ஸர்வர் எழுந்தது. புது டிஸ்க் திரையில் தெரிந்தது. கொள்ளளவு பழசுக்குக் குறையவில்லை. கடைசிக் கட்டளை ஒன்று பாக்கி: எதிலிருந்து எதற்கு? திசை மாறினால் காலியானது முழுசின்மேல் எழுதிவிடும், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல். பையன் எண்ணை மறுபடி வாய்விட்டுப் படித்தான். நான் சீட்டைப் பார்த்து ஆமாம் என்றேன். அப்புறம்தான் பொத்தான். 4 டெராபைட் நிரம்ப 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் காவல் இருக்கிறேன் என்றேன். கிளம்பும்போது பையன் கழற்றின டிஸ்க்கைக் காட்டி, "இத காயலான் கடையில போட்டுர்லாமா சார்?" என்றான். போட்டுவிடு என்றேன். பையில் போட்டுக்கொண்டு போனான்.

இந்த 7 மணி நேரம்தான் ஆபத்தானது. மிச்சமிருக்கும் கிழட்டு டிஸ்க் ஓயாமல் தன்னை முழுவதும் ஒப்பிக்க வேண்டும். அதற்கும் செத்ததன் வயதுதான். தகர அறையில் விசிறிச் சத்தத்தைக் கேட்டபடி எனக்கு என்னென்னவோ தோன்றியது. உ.வே. சாமிநாதையர் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்: ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்கள், நெருப்பில் போட்டவர்கள். ஆனால் ஏடு என்பதே சாகிற பொருள். பழசு உதிரும் முன் புது ஓலையில் எழுதிக்கொண்டே வந்ததால்தான் அவர் கைக்கு ஏதோ வந்து சேர்ந்தது. எழுதினவன் தப்புச் செய்தான். ஒருவன் செய்த தப்பை இன்னொருவன் செய்யவில்லை; அவன் வேறு தப்புச் செய்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நடுவில் மூலம் தெரிகிறது. 1887ல் சிந்தாமணி அச்சானது இப்படி ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான். கல்லூரியில் எங்களுக்கு ஹாம்லெட்டின் 1603 பதிப்பையும் 1623 பதிப்பையும் சொல்லி அலுப்பூட்டிய ஆசிரியர் சொல்லவந்ததும் இதுதான் என்று பதினைந்து வருஷம் கழித்து உறைத்தது. பாடபேதம் என்பது பிரதியின் நோய் என்று நினைத்திருந்தேன். பிரதியின் ஆரோக்கியமே அதுதான்.

கண்ணாடியில் பாடபேதம் கிடையாது. நீ எழுதினால் இரண்டும் எழுதும். நீ அழித்தால் இரண்டும் அழிக்கும். டிஸ்க் சாவதிலிருந்து அது காப்பாற்றும், உன்னிடமிருந்து காப்பாற்றாது. சிறுபத்திரிகைகள் சில நூறு பிரதிகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தது வேறு மாதிரியான பாதுகாப்பு. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்ததுதான் அவர் 1992ல் மறைந்த பிறகு 1994ல் சென்னையில் நூலகமாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1981ல் ஒரே கூரையின் கீழ் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றில் வேறெங்கோ ஒரு பிரதி இருந்தவை பிழைத்தன. அங்கே மட்டும் இருந்த சுவடிகள் போயேபோயின.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். சட்டைப் பையில் இருந்த சீட்டை எடுத்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல், மறுபடி படித்தேன். தேதி 2020 நவம்பர் 25. போகி 2021 ஜனவரியில். கணக்கு நேர்ந்துவிட்டது. செத்ததாகச் சொல்லப்பட்ட டிஸ்க் அந்த அழிப்பைக் கேட்கவே இல்லை. கண்ணாடியாக இருக்க மறுத்ததால் அது ஏடாகிவிட்டது. அதைத்தான் காயலான் கடைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

விடிவதற்குள் நாலு தடவை போன் செய்தேன். ஆறரைக்கு எடுத்தான். "பையிலதான் சார் கீது, இன்னும் போடல."

அன்று சாயங்காலம் அவன் கடையில் அதை எழுத முடியாதபடி, படிக்க மட்டும் முடிகிற விதத்தில் இணைத்தான். மேலே ஒரு தாளை ஒட்டி 'எழுதாதே' என்று எழச்செய்தான் என்னை. முதலில் சுலபமாக வருவதை எல்லாம் எடுத்துவிட வேண்டுமாம். அடம்பிடிக்கிற இடத்துக்குப் பிறகு திரும்பி வர வேண்டுமாம். மில்லில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவோம், இழுத்தால் இன்னும் பத்து அறும் என்று பெரியவர் சொல்வார். இரண்டு நாள் ஆயிற்று. மில் சங்கதிகளில் கொஞ்சம் வரவில்லை. அவை மற்ற டிஸ்க்கில் இருந்தன. கவிதை வந்தது. கடைசி இரண்டு வரிகளோடு.

படித்தேன். திரும்பவும் படித்தேன். மறுநாள் வங்கியில் சாப்பாட்டு வேளையில் படித்தேன்.

அந்த இரண்டு வரிகள் அதிகப்படிதான். கவிதை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மூன்று வருஷம் என் மனசில் உயர்ந்து உயர்ந்து நின்றது என் குற்ற உணர்வு எழுதிய வரிகள்; அவருடையவை அல்ல. என் அபிப்பிராயம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் இதை இப்போது நான் சொல்ல முடிவது அந்த வரிகள் இருப்பதால்தான். இல்லாத வரியைப் பற்றி என் தீர்ப்பு சரி என்று சாதிக்க எனக்கு என்ன அருகதை? நாளைக்கு உங்களில் ஒருவர் படித்துவிட்டு நான் சொன்னது மடத்தனம் என்று இதே பத்திரிகையில் எழுதலாம். அதற்கு இடம் இருக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்வது விமர்சகன் வேலை. அழித்துவிட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது பெருமைப்படுவது விமர்சகன் வேலை இல்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "கெடச்சிதா தம்பி?" என்றார். கிடைத்தது என்றேன். படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "இத அவரு எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு," என்றார்.

எப்படி என்று கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். ஆக இப்போது மூன்று பாடம் இருக்கிறது. தொகுப்பில் மூன்றையும் போட வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள்.